லியெனின் போணி

மார்ச் 3
என் சாப்பாட்டுக் கடை திறந்தாயிற்று. லியெனின் கடைக்கு நேர் எதிரே. "இந்தக் கான் தோ ஊர்ல வேற தெருவே இல்லையா?" என்று என் கணவர் ஹியெப் கேட்டார். இதற்காகத் தன் மோட்டார் பைக்கை விற்றுவிட்டு வேலைக்கு நடந்து போகிற மனிதர், கேட்கலாம். எனக்கு வேறு தெரு வேண்டாம். கூட்டாளி என்று சொல்லியே ஆறு வருடம் என்னை அடுப்படியில் நிற்க வைத்தாள். எழுத்தில் ஒன்றும் வாங்காதது என் மடத்தனம். கேட்டபோது, "சமையல்காரிக்கு என்னடி பங்கு?" என்றாள். என் கண் முன்னாலேயே அவள் கடையை மூட வேண்டும்.

மார்ச் 9
அவள் பத்து வகை போடுகிறாள். நான் பதினொன்று. பாதியைக் கொட்டினேன். கொட்டும்போதும் அவள் கடையில் எத்தனை பேர் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 14
இன்று ஒரு காரியம் செய்தேன். காலை ஐந்தரைக்கு, யாரும் வருமுன் அவள் கடையில் போய் உட்கார்ந்து ஒவ்வொன்றாக விலை கேட்டேன். போணிக்கு முன் வந்தவரை விரட்டினால் இன்னும் கேடு. பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னாள். வாங்காமல் எழுந்து வந்தேன். முதல் ஆளே இப்படிப் போனால் அன்றைய வியாபாரம் விளங்குமா? காகிதத்தைக் கொளுத்தி வாசலில் ஆட்டினாள், என் தரித்திரத்தை ஓட்ட. நெஞ்சு குளிர்ந்தது.

மார்ச் 15
போனேன்.

மார்ச் 16
போனேன். மீன் எந்த ஆற்றில் பிடித்தது என்பதுவரை கேட்டேன். இன்று இரண்டு காகிதம் கொளுத்தினாள்.

மார்ச் 27
என்ன இது? அவள் கடை நிரம்பி வழிகிறது. நான் ஈ ஓட்டுகிறேன். ஹியெப்பின் செருப்பு பிய்ந்துவிட்டது. தைத்துப் போட்டுக்கொண்டு போனார். இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் கடையை விட வேண்டியதுதான்.

மார்ச் 28
லாட்டரிச் சீட்டு விற்கும் தூ அண்ணனை மடக்கினேன். "ஏண்ணே, நீங்களுமா அவகிட்ட சாப்பிடுறீங்க?"

"உன் கைப்பக்குவம் அவளுக்கு வருமாம்மா? ஆனா அஞ்சரைக்கு நான் தெருவுல இறங்கணும். அப்போ உன் அடுப்பு எரியல. நீ அங்க உக்காந்து விலை கேட்டுக்கிட்டு இருக்க. பசிச்ச வயிறு என்ன பண்ணும்? சந்தைக்காரங்க அத்தனை பேரும் அப்படித்தான்."

பதினைந்து நாள் — நானே அவளுக்கு ஆள் பிடித்துக் கொடுத்திருக்கிறேன்.

மார்ச் 30
நாலரைக்கு அடுப்பு மூட்டினேன். ஒரே வகை, மீன் நூடுல்ஸ். தூ அண்ணன்தான் போணி. ஏழு மணிக்குள் பானை காலி. கிண்ணங்களைக் கழுவித் தந்துவிட்டு ஹியெப் வேலைக்குக் கிளம்பினார்.

எதிரே ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன், ஐந்தரைக்கு. காகிதமும் தீப்பெட்டியுமாக லியென் வாசலில் நின்றுகொண்டிருந்தாள், நான் வருவேன் என்று. நிற்கட்டும்.