பதினேழாம் பக்கத்தில் ஒரு ‘போகிறேன்’

மார்ச் 4

புத்தகம் வந்துவிட்டது. ஒன்பது வருடம் காக்க வைத்த மனிதர்! கடையில் ஜெராக்ஸுக்கு நாலு பேர் நிற்கும்போதே பார்சலைப் பிரித்து முகர்ந்துகொண்டிருந்தேன்.

இவர் நாவல் வந்தால் அக்காதான் முதலில் படிப்பாள். அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். அவள் முடித்தால்தான் எனக்குக் கிடைக்கும். இந்தத் தடவை முடியாது. வலது கண்ணில் விழித்திரை பிரிந்து, வெள்ளிக்கிழமை ஆபரேஷன் ஆனது. இடது கண் சின்ன வயதிலிருந்தே பேருக்குத்தான் இருக்கிறது. கண்ணுக்குள் வாயு அடைத்திருக்கிறார்கள், இரண்டு வாரம் குப்புறவே படுத்திருக்க வேண்டும். பார்வை எவ்வளவு திரும்பும் என்று கேட்டேன். “பாப்போம்” என்றார் டாக்டர்.

மார்ச் 5

அக்கா கட்டிலில் குப்புற. நான் தரையில் உட்கார்ந்து வாசிக்கிறேன். தலையணைக்குள்ளிருந்து குரல் வருகிறது: “மெதுவா படிடா. பஸ்ஸ பிடிக்கவா போற?”

இந்தக் கதைகளில் பேசுகிற விண்கப்பல் ஒன்று உண்டு. எப்போதும் முணுமுணுப்பதால் நாங்கள் வைத்த பேர் கிழவி. முந்தைய ஐந்து நாவல்களிலும் அது யாரைப் பிரிந்தாலும் ‘வருகிறேன்’ என்றுதான் சொல்லும், திரும்ப வழியே இல்லை என்று தெரிந்தாலும். அப்பா இறந்த வருடம் நாங்கள் இரண்டு பேரும் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடினோம்.

பதினேழாம் பக்கம். கிழவி ‘போகிறேன்’ என்கிறது.

நான் ‘வருகிறேன்’ என்று வாசித்தேன்.

மார்ச் 6

கடையில் உட்கார்ந்து மீதியைப் புரட்டிவிட்டேன். மோசம். கிழவி பிரசங்கம் செய்கிறது. வேற்றுக்கிரகத்துத் தேர்தல் முறையைப் பற்றி நாற்பது பக்கம். சிரிக்க ஒரு வரி இல்லை. ஏன் சார் இப்படி? பதினாலு வயசில் நட்சத்திரம் பார்க்க என்னை மொட்டை மாடிக்கு ஓட வைத்த ஆள் நீங்கதானே? கோபம்கூட வரவில்லை. வருத்தம்தான்.

அக்காவிடம் எப்படிச் சொல்ல? அவளுக்கு இப்போது இது ஒன்றுதான் இருக்கிறது.

மார்ச் 7

தேர்தலை மூன்று வாக்கியத்தில் நடத்தி முடித்தேன்.

“இன்னிக்கு வேகமா போகுதே?”

“விறுவிறுப்பா எழுதிருக்கார்க்கா.”

மார்ச் 9

கதை விடுகிறேன், இரண்டு அர்த்தத்திலும். கடையில் வீணான ஜெராக்ஸ் தாள்களின் பின்பக்கம் நானே கிழவி கதையை எழுதி, புத்தகத்துக்குள் வைத்து வாசிக்கிறேன். இன்று ஒரு கல்லூரிப் பெண்ணின் ப்ராஜெக்டுக்குள் என் தாள் ஒன்றையும் சேர்த்து ஸ்பைரல் போட்டுவிட்டேன். திரும்பி வந்தாள். “அண்ணா, நடுவுல ஏதோ கப்பல் பேசுது.”

மார்ச் 12

முடிந்தது. கடைசி அத்தியாயம் முழுக்க என்னுடையது. தன்னை விட்டு இறங்கும் பெண்ணோடு கிழவி பேசுகிறது. வாசித்து முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். தலையணை உறை நனைந்திருந்தது. அழக் கூடாதென்று எத்தனை தடவை சொல்வது என்று திட்டினேன்.

“நான் எங்கடா அழறேன்? அதுவா வருது.”

மார்ச் 14

நிமிர்ந்து உட்காரலாமாம். வாயு கரையும் வரை எல்லாம் மங்கல்தான். அப்புறம்? மறுபடியும் ‘பாப்போம்’.

ஏப்ரல் 9

அச்சகத்திலிருந்து போன். அவள் இடத்துக்கு வேறு ஆள் பார்க்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார்கள். “இந்த மாசம் முடியட்டும் சார்” என்றாள் அக்கா. போனை வைத்துவிட்டு அந்தப் புத்தகத்தைக் கேட்டாள்.

“கண்ணு சரியானதும் கடைசி அத்தியாயத்தத்தான் முதல்ல படிக்கப்போறேன்.”

மாட்டிக்கொண்டேன். “அது இதுல இல்லக்கா.”

“தெரியும்.”

“எப்படி?”

“கிழவி அந்தப் பொண்ணுகிட்ட ‘சாப்பிட்டியா?’ன்னு கேக்குது. அஞ்சு புத்தகத்துல என்னிக்குடா அது சாப்பாட்டப் பத்திக் கேட்டிருக்கு? போன் எடுத்ததும் நீ கேக்கறது அது.”

“அப்பவே சொல்றதுக்கென்ன?”

“சொன்னா நிறுத்திடுவியே.”

பிறகு அட்டையை விரலால் தடவினாள். “அவ்வளவு மோசமா எழுதிட்டாரா?”

“ம்.”

“களைச்சுப் போயிருப்பார்டா. விடு. நமக்கு அஞ்சு தந்தாரே.”

எனக்கு அவர்மேல் இருந்த வருத்தம் அங்கேயே பாதி போய்விட்டது. அவளுக்கு நான் என்ன சொல்லித் தேற்ற முடியும் என்றுதான் தெரியவில்லை.

ஏப்ரல் 21

என் அத்தியாயத்தை டைப் செய்து, ஸ்பைரல் போட்டு, அவள் மேஜையில் வைத்தேன்.

மே 2

சாயங்காலம் கடையிலிருந்து வந்தபோது அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். இடது உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்தியிருந்தாள். மடியில் என் அத்தியாயம், வலது கையில் அச்சகத்துச் சிவப்புப் பேனா.

“ஆறாம் பக்கம், கடைசி வரி. என்னடா டைப் பண்ணிருக்க?” என்று நீட்டினாள்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கிழவி விடைபெறும் இடம். ‘வருகிறேன’ என்று அடித்திருக்கிறேன். கடைசி எழுத்தின் தலையில், இருக்க வேண்டிய இடத்தில், சிவப்பாக ஒரு புள்ளி வைத்திருந்தாள்.