முக்காடு போட்ட சக்களத்தி

மார்ச் 4, செவ்வாய்

கொட்டகையைக் கழுவி முடிப்பதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது. அவர் போன் செய்தார். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன். பிறகு, "இன்னும் அந்தப் பன்னிங்களோடதான் மாரடிக்கிறியா?"

நம்மிடம் இருப்பது இரண்டு ஜாதி, யார்க்‌ஷயருக்குக் காது நிமிர்ந்து நிற்கும், லேண்ட்ரேஸுக்கு உடம்பு நீளம், காது கண்ணை மறைத்துத் தொங்கும், அதனால்தான் அதற்கு முக்காடு என்று பேர் வைத்தேன் என்று ஆரம்பித்தேன். பன்னின்னா பன்னிதானே என்று வெட்டிவிட்டார்.

இவை பெருகினால் அவர் கடல் தாண்டி வேலை பார்க்க வேண்டியதில்லை. அதற்குத்தான் வாங்கினேன். சொன்னேனா? இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

முக்காடு குட்டி போட்டுவிட்டது. நானும் நாத்தனாரும் வைக்கோலிலேயே கிடந்தோம். அதற்குக் கண் சரியாகத் தெரியாது. குரல் கொடுத்துக்கொண்டேதான் உள்ளே போக வேண்டும். ஒரு குட்டி தாய்க்கு அடியில் நசுங்கிவிட்டது. மற்றவை பிழைத்துக்கொண்டன.

ஒவ்வொரு குட்டியும் தனக்கென்று ஒரு காம்பைப் பிடித்துக்கொள்ளுமாம். ஆளில்லாத காம்பு வற்றிப்போகுமாம். கால்நடை டாக்டர் ஊசி போட்டுக்கொண்டே சொன்னார். கேட்டதிலிருந்து மனசு சரியில்லை.

மார்ச் 15, சனி

கொட்டகையில் இருக்கும்போது போன். அந்தச் சத்தம் என்ன என்றார். முக்காடு பால் கொடுக்கக் குட்டிகளைக் கூப்பிடுகிறது என்றேன். மெதுவாக உறுமத் தொடங்கும், போகப்போக வேகம் பிடிக்கும், அப்போதுதான் பால் இறங்கும். கொஞ்ச நேரம்தான். அதற்குள் வராத குட்டிக்கு அடுத்த முறைவரை பட்டினி.

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அது பக்கத்துல போனை வையேன்" என்றார்.

மார்ச் 16, ஞாயிறு

இன்றும் கேட்டார்!

ஏப்ரல் 2, புதன்

அவருக்கு ராத்திரி ஷிப்ட். பகலில் அறை முழுக்க ஆட்கள், சண்டை, சினிமாப் பாட்டு, தூக்கமே வருவதில்லையாம். முக்காட்டின் உறுமலைக் கேட்டால் கண் சொக்குகிறதாம். என்னோடு இரண்டு வார்த்தை, அதோடு அரைமணி நேரம். எனக்கு வாய்த்த சக்களத்தி நாலு காலில் வந்திருக்கிறாள்.

இன்று போனை வைத்துவிட்டு நானும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் குறட்டை கேட்டது. எத்தனை நாளாயிற்று. கட் பண்ண மனசே வரவில்லை.

ஏப்ரல் 26, சனி

குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்தோம். முக்காடு இனிக் கூப்பிடாது. அவரிடம் சொன்னேன். அப்படியா என்றார். அப்புறம், "காண்டிராக்ட் முடியுது. இன்னும் ரெண்டு வருஷம் போட்டுடட்டுமா?"

"உங்க இஷ்டம்."

சரி என்று வைத்துவிட்டார்.

ஏன் அப்படிச் சொன்னேன்? ஒவ்வொரு தடவையும் இதையேதான் சொல்கிறேன். அவருக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று நினைத்துத்தான்... அவருக்கு அது எப்படிக் காதில் விழுகிறதோ. வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான் என்றா? ஐயோ, எனக்கு நீங்க வேணுமே.

ஏப்ரல் 27, ஞாயிறு

நாத்தனாரிடம் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள். "பன்னிக்கு இருக்கிற வாய்கூட உங்களுக்கு இல்லையே, அண்ணி."

அங்கேயே நின்று, தீவனக் கையோடு போன் போட்டேன். என்ன ஆச்சு, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று பதறினார். ஒன்றுமில்லை என்றேன். அப்புறம் சொன்னேன். "வந்துடுங்க."

"நிஜமாத்தான் சொல்றியா?"

"நிஜமா."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. சளி என்றார்.

மே 20, செவ்வாய்

டிக்கெட் போட்டாச்சாம். யார்க்‌ஷயரைப் பக்கத்துப் பண்ணை டியூராக் ஜாதி ஆண் பன்றியோடு சேர்த்தோம். இது வெள்ளை, அது செங்கல் சிவப்பு. குட்டி என்ன நிறம் என்று நாத்தனாரோடு பந்தயம். எனக்கு அதிலெல்லாம் கவனமில்லை. நாள் நகர மாட்டேன் என்கிறது.

ஜூன் 12, வியாழன்

காலையில் கடைக்குப் போனேன். கொட்டகைக்குப் போட்டுக்கொள்ள ரப்பர் பூட்ஸ், ஆண்களுக்கு, ஒரு ஜோடி. கடைக்காரர் நம்பர் கேட்டார். கல்யாணமாகிப் பதினொரு வருடம். அவர் கால் அளவு எனக்குத் தெரியவில்லை.

ஆளைக் கூட்டிட்டு வர முடியுமா என்றார்.

"வீட்லதான் இருக்காரு" என்றேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.