கூட வந்தவர் பெயர்

சுருளிப்பட்டி
3.6.2024

அன்பு மகள் பவானிக்கு,

அப்பா நலம், வாய் மட்டும் நலமில்லை. போன் இருக்கக் கடிதம் எதற்கென்று முழிப்பாய். ஈறு வீங்கிப் பாதி வார்த்தை காற்றாகப் போகிறது. கேட்டால் பயந்துவிடுவாய்.

போன வருஷம் நீ கூட்டிப்போய் வைத்த திருகுப் பல்லைச் சுற்றித்தான் சீழ். தேனி டாக்டரம்மா எக்ஸ்ரே பார்த்தாக. "இம்ப்ளாண்ட் நல்லாத்தான்யா இருக்கு. சுத்தி இருக்குற ஈறும் எலும்பும்தான் கெட்டுப்போச்சு. தெனமும் இடுக்குல சின்ன பிரஷ் போட்டீகளா?"

"போட்டேன் தாயி" என்றேன்.

எங்கே போட்டேன் என்பதை உனக்கு மட்டும் சொல்கிறேன். நீ அனுப்பிய ஆறு பாக்கெட் பிரஷ்ஷையும், திராட்சைக்கு மருந்தடிக்கிற டேங்கின் நாசிலில் அடைப்பெடுக்கப் போட்டேன். அப்படி ஒரு பொருத்தம்! கொடிக்கு நோய் வரவில்லை, எனக்கு வந்துவிட்டது. உன் அம்மா போனபிறகு இந்த வாய்க்குக் கொட்டாவியைத் தவிர வேலையில்லை, அதற்கு எதற்குப் பராமரிப்பு என்று இருந்துவிட்டேன்.

இருபத்தாறாம் தேதி ஈறைத் திறந்து சுத்தம் பண்ணுவார்களாம். சர்க்கரை இருப்பதால் கூட ஓர் ஆள் வேண்டுமாம். ஒரு நாள் வந்துபோ ஆத்தா. கோழி அடிக்கிறேன், நீ தின்பதை நான் வேடிக்கை பார்க்கிறேன்.

அப்பா
ஒச்சாண்டி

புனே
12.6.2024

அன்புள்ள அப்பா,

நாசில் கதையைப் படித்து ஆபீஸில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பிறகுதான் கோபம் வந்தது.

அந்த வாரம் லீவு இல்லை என்றுவிட்டார்கள். ஈஸ்வரபாண்டி சித்தப்பாவைக் கூட்டிப் போங்கள். தீபாவளிக்குக் கட்டாயம் வருகிறேன். புது பிரஷ் அனுப்பியிருக்கிறேன், வாய்க்கு.

பவானி

சுருளிப்பட்டி
28.6.2024

ஆத்தா பவானி,

பிரஷ் வந்தது. நாசிலின் கண்ணில் காட்டவில்லை.

சித்தப்பா தோட்டத்தில் இருபத்தாறாம் தேதிதான் பழம் வெட்டு. கூப்பிட மனசில்லாமல் தனியாகவே பஸ் ஏறிவிட்டேன்.

"கூட யாரு வந்திருக்காக?" என்று நர்ஸ் பிள்ளை கேட்டது.

"மக வந்திருக்கா தாயி. இங்கனதான் காப்பி குடிக்கப் போனா."

தாளில் 'கூட வந்தவர் பெயர்' என்ற இடத்தில் உன் பெயரையும் போன் நம்பரையும் எழுதினேன். வாய் கெட்டாலும் கையெழுத்து நன்றாகத்தான் வந்தது.

பல் தங்கவில்லை. பிடித்துக்கொள்ள எலும்பு மிச்சமில்லையாம், கழற்றிவிட்டார்கள்.

பஞ்சைக் கடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மாத்திரை கொடுக்க வந்த அந்தப் பிள்ளை, "பவானி! பவானி யாருங்க?" என்று கூப்பிட்டது. கொஞ்ச நேரம் நானும் வாசலைத்தான் பார்த்தேன். மூன்றாம் தடவை கூப்பிட்டதும் எழுந்துபோய் வாங்கிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து யாராவது போன் போட்டுக் கேட்டால், வந்திருந்தேன் என்று சொல்லிவிடு.

அப்பா