தரையில் வைத்த ஆரத்தித் தட்டு

என்னை விட்டுவிட்டு முன்னால் கிளம்பிப்போன அன்பு மச்சான் சிங்காரவேலுவுக்கு,

உன் மகள் சரோஜா பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துப் பிரெவே பரீட்சை தேறிவிட்டாள். மற்றதெல்லாம் பிறகு. இதை முதலில் உன்னிடம் சொல்லிவிட வேண்டும். பள்ளிக்கூடத்துச் சுவரில் பெயர் ஒட்டிய அன்று பட்டப்பகலில் கடையை மூடினேன். நம் வீட்டில் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து எதிர்க்கடைச் சீனன் துக்கம் விசாரிக்க வந்துவிட்டான்.

இந்தக் கடிதத்தை நம் சங்கத்து மலரில் போடக் கொடுக்கப்போகிறேன். இந்தச் சைகோனில் இருக்கிற நம் ஜனங்களும் படிக்கட்டும். ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் பெயரை விட்டுவிடுகிறேன். தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

பிள்ளை தேறினால் சேன் ழாக் கடற்கரைக்குப் போக வேண்டும். நீ உண்டாக்கிய வழக்கம்தானே. நான் பால் தூக்கி விற்றதை விட்டு, பென் தான் சந்தைப் பக்கம் துணிக்கடை போட்ட வருஷம் அது. "பால் தூக்கின தோளை ஒரு நாள் கடல் தண்ணியில நனை மச்சான், அப்புறம் முதலாளியாகலாம்" என்று என்னை இழுத்துக்கொண்டு போனாய். பிறகு வருஷா வருஷம் யாருக்காவது ஒரு நல்லது நடந்திருக்கும். ஒருவருக்கு உத்தியோகம், ஒருவர் குழந்தைக்குக் காதுகுத்து. பிரெஞ்சுக்காரன் தன் ஊர்க் கணக்கில் கோடை விடுமுறை விடுவான், இங்கே அப்போது மழை கொட்டும். நீ சுங்க ஆபீசில் லீவு வாங்கி, மோட்டார் வண்டி பேசி, நம் நாலைந்து குடும்பத்தையும் அடைத்துக்கொண்டு அந்த மழையிலேயே கிளம்புவாய். கடற்கரை வீட்டுக் கூடத்தில் அந்த வருஷத்து ஆளை நிறுத்துவோம். காமாட்சி மஞ்சள் நீர் கரைத்து ஆரத்தி எடுப்பாள். எந்த வீட்டுப் பிள்ளையானாலும் என் தங்கை கைதான். "அவ கை ராசி" என்று எல்லாப் பெண்களும் சொன்னார்கள்.

நீ போனாய். அவள் கையில் ராசி இல்லாமல் போய்விட்டது.

உன் வருஷத் திதி கொடுத்தாகிவிட்டது, போகலாம் என்று நான்தான் வண்டி பேசினேன். நீ பேசினால் கூத்து மாதிரி இருக்கும். நான் பேசினால் சரக்கு ஏற்றுகிற மாதிரி இருக்கிறது. யாருமே பாடவில்லை. காமாட்சி கடைசி இருக்கையில் பாத்திரங்களோடு உட்கார்ந்து வந்தாள். வண்டியை விட்டு இறங்கியதும் நேரே பின்கட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஒரு விஷயம் உனக்குத் தெரியாது. என் மகன் நடேசனுக்கு ஒரு பெண் பேசியிருந்தோம். நல்ல இடம், நம்மைப் போலவே துணி வியாபாரம். பையனுக்கும் அந்தப் பெண்ணைப் பிடித்திருந்தது. அதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை, ஆனால் அவர்கள் வீட்டுக்கு ஏதாவது கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்றால் ஆளை அனுப்பாமல் தானே போவான். தாம்பூலம் மாற்ற நாள் பார்த்துக்கொண்டிருந்தோம். முன்பும் நம்மோடு கடற்கரைக்கு வந்தவர்கள்தான், இந்தப் பயணத்துக்கும் அழைத்திருந்தேன். சரோஜாவுக்கு ஆரத்தியைப் பெண்ணின் தாயாரே எடுக்கட்டும் என்றாள் என் வீட்டுக்காரி தனம். நானும் சரி என்றேன். சம்பந்தியை முன்னால் நிறுத்தினால் உறவு கெட்டிப்படும் என்பது என் கணக்கு.

அந்த அம்மாள் தட்டோடு நின்றாள். மழைச் சத்தத்தில் கூடத்தில் பேசினால் கேட்கவில்லை. சரோஜா வந்து நிற்கவில்லை. ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வா கண்ணு, கிழக்கப் பாத்து நில்லு."

"எங்கம்மா வரட்டும்."

"அம்மா அங்க வேலையா இருக்கா. நீ வா."

"எல்லார் வீட்டுப் புள்ளைக்கும் எங்கம்மாதானே எடுத்தாங்க? உங்க பெரிய பையனுக்கு டாக்டர் ஆபீஸ்ல வேலை கெடச்சப்போ யார் எடுத்தது?"

"அடி ஆத்தி, பரீட்சை பாஸ் பண்ணா இப்படித்தான் கேக்கச் சொல்லுமா?" என்று அந்த அம்மாள் சிரித்தாள். கோபமில்லாமல்தான் சிரித்தாள், அதையும் சொல்ல வேண்டும். கெட்ட பொம்பளை இல்லை. தன் பெண்ணுக்குக் கல்யாணம் கூடிவருகிற நேரத்தில் பயப்படுகிறாள். வேறென்ன?

காமாட்சி வந்தாள். கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது. வாசல் வாளியில் கையைக் கழுவினாள், முந்தானையில் துடைத்தாள், நேரே வந்து நின்றாள். அவளை யாரும் கூப்பிடவில்லை மச்சான். நானும் கூப்பிடவில்லை.

"குடுங்கக்கா. எம் பொண்ணுக்கு நான் எடுக்கறேன்."

"காமாட்சி, நீ போம்மா. நல்ல காரியத்துல வந்து..."

"நல்ல காரியம்னுதான் வந்தேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வண்டி பேசியவன், வீடு பிடித்தவன் நான். தனம் கண்ணாலேயே வேண்டாம் என்றாள். நடேசன் தூணோரம் நின்றுகொண்டிருந்தான், அவனை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன். சந்தையில் ஒரு சொல்லில் எவ்வளவு போகும் என்று தெரிந்துதான் நான் பேசுவேன், உனக்குத் தெரியும். அன்றைக்கும் தெரிந்துதான் பேசினேன்.

"தட்டை அதுகிட்ட குடுங்கம்மா" என்றேன்.

அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து தட்டைத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள். கையில் கொடுக்கவில்லை.

என் தங்கை அதைத் தரையிலிருந்து எடுத்தாள். தளும்பாமல் எடுத்தாள். மூன்று சுற்றுச் சுற்றி, மகள் நெற்றியில் பொட்டு வைத்து, மழையிலேயே இறங்கிப்போய் மணலில் ஊற்றிவிட்டு வந்தாள். வந்து, "குழம்பு கொதிக்குது" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அன்று சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்தார்கள். மீன் குழம்பு நன்றாகத்தான் இருந்தது. ஒருவரும் சொல்லவில்லை.

ஊர் திரும்பிய வாரத்திலேயே பெண்ணின் தகப்பனார் கடைக்கு வந்தார். காப்பி குடித்தார், சோலோன் சந்தையில் துணி விலை ஏறியதைப் பேசினார், எழுந்திருக்கும்போது "தாம்பூலம் இப்ப வேணாம், கொஞ்சம் தள்ளிப் பாப்போம்" என்றார். தள்ளிப் பார்ப்பது என்றால் என்ன என்று வியாபாரிக்குத் தெரியாதா? வாசல் வரை போய் வழியனுப்பினேன்.

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. "உங்க தங்கச்சிக்கு ஒரு நாள் தட்டு. எம் புள்ளைக்கு வாழ்க்கையில்ல போச்சு" என்கிறாள் தனம். அவள் சொல்வதில் என்ன தப்பு? நடேசன் கடைக்கு வருகிறான், துணி கிழிக்கிறான், போகிறான். திட்டினால் தேவலை. மாரியம்மன் கோயிலில் பார்க்கிறவர்கள் "சௌக்கியமா?" என்று கேட்கிற விதமே மாறியிருக்கிறது. அலுத்துப்போய்விட்டது மச்சான். விடிந்தால் எழுந்திருக்கவே மனசு வருவதில்லை.

அலுப்பு போதாதென்று, நேற்று காமாட்சி வந்து முன்னால் உட்கார்ந்தாள்.

"அண்ணே, எனக்குக் காரைக்காலுக்குக் கப்பல் சீட்டு எடுத்துக் குடு."

"எதுக்கு?"

"நான் இங்க இல்லன்னா அவங்க சம்மதிச்சிருவாங்க. நான் கேட்டுப் பாத்துட்டேன்."

"அவங்ககிட்ட போயி நின்னியா?"

"நடேசனுக்காவ. அவன் மொகத்தப் பாக்க முடியல. சரோஜா இங்கேயே இருக்கட்டும், டீச்சர் வேலை கெடைக்கும். நான் மட்டும் போறேன்."

தரையில் வைத்த தட்டை எடுக்கத் தெரிந்தவள், அந்த வீட்டு வாசலிலும் போய் நின்றிருக்கிறாள். அங்கே உட்காரச் சொன்னார்களா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

நான் உடனே முடியாது என்று சொல்லிவிடவில்லை. உன்னிடம் ஒளிக்க என்ன இருக்கிறது? ராத்திரி முழுக்க யோசித்தேன். ஒரு கப்பல் சீட்டில் மகன் வாழ்க்கை நேராகிறது, வீட்டில் சண்டை தீர்கிறது, ஊர் வாய் மூடுகிறது. வியாபாரி இதைவிட மலிவாக ஒன்றை வாங்க முடியாது. நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? நீ இருந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது, அதுதானே வேடிக்கை?

காலையில் நடேசனிடம் சொன்னேன்: "அத்தை ஊருக்குப் போனா உன் கல்யாணம் நடக்கும். நான் அனுப்பப்போறதில்ல. என்மேல கோவப்படு, அதுமேல படாத." அவன் துணியை அளந்துகொண்டே கேட்டான். "சரிப்பா" என்றான். அந்தச் சரிக்கு என்ன அர்த்தமோ, எனக்குத் தெரியவில்லை. அவன் என்னை மன்னிப்பானா என்றும் தெரியவில்லை.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உன் பெண்டாட்டியை நான் கப்பல் ஏற்றமாட்டேன். நடேசனுக்கு எந்த வருஷம், எந்த வீட்டுப் பெண் அமைந்தாலும் வாசலில் மணமக்களை நிறுத்தி ஆரத்தி எடுப்பது காமாட்சிதான். பெண் கேட்டுப் போகிற வீட்டில் இதைத்தான் முதலில் சொல்வேன், மற்றப் பேச்செல்லாம் அதற்குப் பிறகு. எத்தனை வீட்டில் கதவு சாத்தினாலும் சரி. அந்தத் தட்டு இனி அவள் கைக்கு இன்னொருவர் கையிலிருந்துதான் வரும். வேறு யாரும் கொடுக்காவிட்டால் நானே எடுத்துக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
காமாட்சிக்கு அண்ணனும் சரோஜாவுக்குத் தாய்மாமனுமாகிய உன் மச்சான்,
கோவிந்தசாமி