கறுப்பு வயரைப் பிடித்திருந்த கை

பொம்மனஹள்ளி,
ஞாயிறு காலை பத்து மணி.

கண்ணு தாரணிக்கு,

அம்மா யசோதா சொல்லச் சொல்ல உன் தங்கை மகா எழுதும் கடிதம். இங்கே நாங்கள் இரண்டு பேரும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் குளிர் ஊரில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கி எழுந்து வேலைக்குப் போக வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். நான் படித்தது கன்னடத்தில் நான்காம் வகுப்பு, தமிழில் எழுத எனக்குக் கை வராது என்று உனக்குத் தெரியும், அதனால் நான் வாயில் வந்தபடி சொல்கிறேன், மகா அதை நல்ல தமிழாக மாற்றி எழுதுகிறாள். இந்த வாரம் உன் போன் வரவில்லை, ஓவர்டைம் என்று இரண்டு வார்த்தை மெசேஜ்தான் வந்தது. போன வாரம் பேசினாய், அதுவும் நான்கு நிமிடம், அதற்குள் யாரோ உன்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். நீ ஜப்பானுக்குப் போய் இருபது மாதம் ஆகிறது, போனில் கேட்க நினைத்ததெல்லாம் போனை வைத்த பிறகுதான் ஞாபகம் வருகிறது. உன் கம்பெனியில் வேலை செய்யும் சந்தாபுரா வீணா லீவு முடிந்து நாளை சாயங்காலம் கிளம்புகிறாள், அவள் பையில் பருப்புப் பொடி, எள்ளுப் பொடி, நாரத்தங்காய் ஊறுகாய் எல்லாம் போட்டு, நடுவில் இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன், எண்ணெய் படாமல் இரண்டு கவர் சுற்றியிருக்கிறேன்.

வீணா போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தாள். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டதற்கு முதலில் நல்லாத்தான் இருக்கா ஆன்ட்டி என்றாள். காபி குடித்து முடித்த பிறகு, ஆனா யாரோடயும் சேர மாட்டா, நாங்க ஆறு பேரும் ஒண்ணா சமைச்சு சாப்பிடுவோம், அவ மட்டும் தட்ட எடுத்துக்கிட்டு ரூமுக்குப் போயிடுவா, கேட்டா தூக்கம் வருதும்பா என்றாள். ஏன் கண்ணு அப்படி? எனக்கு அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. ஈரத் தலையோடு படுக்காதே, காலுக்கு இரண்டு சாக்ஸ் போட்டுக்கொள், அந்தப் பெண்களோடு உட்கார்ந்து சாப்பிடு.

இனி உன் தங்கை விஷயம். இதை அவளே எழுத வேண்டியிருக்கிறது, நான் என்ன செய்ய, வேறு ஆள் இல்லை. எழுத மாட்டேன் என்று பேனாவை மூடி வைத்தாள், எழுதுடி, நான் உங்க அக்காகிட்ட சொல்றேன், உன்கிட்ட இல்ல என்று சொன்ன பிறகு எழுதுகிறாள். அவள் ஒன்பதாவதில் பள்ளிக்கூடத்தை விட்டு வருஷம் இரண்டாகிவிட்டது. தமிழ் வகுப்பை எடுத்துவிட்டுக் கன்னட வகுப்பில் போட்டதும், எழுந்து நின்று படிக்கச் சொன்னால் குரல் நடுங்குகிறது, பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்று அழுது நின்றுவிட்டாள். அப்பா போன பிறகு எனக்கும் ஆத்திரப்படத் தெம்பு இல்லை. நீ இருந்தவரைக்கும் உன்னோடு பேசினாள். இப்போது நான் கார்மெண்ட்ஸ் வேலைக்குக் கிளம்பினால் சாயங்காலம் வரும் வரைக்கும் இந்த ஒற்றை ரூமில் தனியாக இருக்கிறாள், நான் வந்தாலும் சாப்பாடு போடட்டுமா என்பதைத் தவிர வாயில் வார்த்தை இல்லை. சரி, அது சுபாவம் என்று விட்டிருந்தேன். ஆனால் ஒரு மாதமாக நீ விட்டுப்போன லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு டைப் அடித்துக்கொண்டே இருக்கிறாள். கீழ் வீட்டுச் சந்திரம்மா நல்ல மனசோடு வைஃபை கொடுத்திருக்கிறார், அவரே போன வாரம் படியில் என்னை நிறுத்தி, ஒப்பளே நக்தாளே யசோதம்மா என்றார். பேசவே பேசாத பெண் இப்படித் தனியாகச் சிரித்தால் நான் என்னவென்று நினைப்பது? அதற்கு மேல், துணி துவைக்கும்போது அவள் சுடிதார் பாக்கெட்டில் மார்க்கெட் போன பஸ் டிக்கெட் இருந்தது. பக்கத்துக் கடைக்குப் போய்க் கொத்தமல்லி கேட்கக் கூச்சப்படுகிறவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மார்க்கெட் வரைக்கும் போய் வந்திருக்கிறாள். யாரைப் பார்க்க என்று கேட்டேன். யாரையும் இல்லை என்றாள். அவ்வளவுதான்.

அதனால் நான் எங்கள் சூப்பர்வைசரிடம் பேசிவிட்டேன். அடுத்த மாதம் முதல் தேதி என் லைனிலேயே ஹெல்பராக எடுத்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார், நூல் வெட்டுகிற வேலை, என் கண் முன்னால் இருப்பாள். லேப்டாப்பைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவேன். நீ என்ன சொல்கிறாயோ அதுதான், இந்த வீட்டில் உன் பேச்சைத்தான் இவள் கேட்பாள். யோசித்துச் சொல். மில்லுக்குப் போய்ப் பொடி அரைத்துக்கொண்டு வந்து மீதியைச் சொல்கிறேன்.

அக்கா, அம்மா மில்லுக்குப் போய்விட்டாள். இனி எழுதுவது மகா. போனில் அம்மா என்னிடம் கொடுக்கும்போதெல்லாம் நான் ம் என்கிறேன், நீயும் ம் என்கிறாய், அம்மா வாங்கிக்கொள்கிறாள். எழுதினால் எனக்குக் குரல் நடுங்காது, அதனால் எழுதுகிறேன். நான் யாரையும் பார்க்கப் போகவில்லை. உன் ரோபோ கைக்கு அடாப்டர் வாங்கப் போனேன்.

டிப்ளமோவில் நீ செய்த அந்தக் கை கட்டிலுக்கு அடியில் பிஸ்கட் டின்னில் இருந்தது. மழைக்குப் பிறகு டின் துருப்பிடிக்கிறதா என்று பார்க்கத்தான் எடுத்தேன். லேப்டாப்பில் உன் புரோகிராம் அப்படியே இருந்தது, போர்டைச் சொருகியதும் தோள் மோட்டார் மட்டும் ஒரு தடவை திரும்பியது, வீட்டில் வேறு யாரோ இருப்பது மாதிரி இருந்தது. ஆனால் நான்கு சர்வோ மோட்டாரையும் ஒன்றாக ஓடவிட்டால் போர்டின் விளக்கு அணைந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். கரண்ட் போதவில்லை போலிருக்கிறது என்று பழைய செட்டாப் பாக்ஸ் அடாப்டரை அதில் கொடுத்தேன். அது பன்னிரண்டு வோல்ட் என்று பார்க்கவில்லை. மணிக்கட்டு மோட்டாரிலிருந்து புகை வந்தது. அக்கா, அதை எரித்தது நான்தான், அம்மாவுக்குத் தெரியாது, முதல் மன்னிப்பு அதற்கு.

இரண்டாவது மன்னிப்பு பெரியது. நீ முன்பு கேள்வி கேட்டும் பதில் சொல்லியும் வந்த ரோபோ ஆரம்பக்காரர்கள் குழு லேப்டாப்பில் உன் பெயரிலேயே திறந்திருந்தது. மூன்று நாள் மற்றவர்கள் கேட்டதை மட்டும் படித்தேன். நான்காவது நாள், சர்வோ ஓடினால் போர்டு அணைகிறது என்று ஒரே வரி எழுதிவிட்டு லேப்டாப்பை மூடிப் பாத்திரம் துலக்கப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால், நாகர்கோவிலில் பாலிடெக்னிக் லேப் பார்க்கும் ஆஞ்சலா எழுதியிருந்தார். வாங்க தாரணி, எங்க போயிட்டீங்கப்பா, ரெண்டு வருஷமா ஆளையே காணோம், போர்டு எது, சப்ளை எது, போட்டோ இல்லாம கேள்வி கேக்கக் கூடாதுன்னு நீங்கதானே எல்லாரையும் மிரட்டுவீங்க என்று. இன்னும் நான்கு பேர் வாங்க வாங்க என்று போட்டிருந்தார்கள். நான் தாரணி இல்லை என்று எழுதத்தான் போனேன். ஆனால் நான் வந்ததற்கு அத்தனை பேர் சந்தோஷப்பட்டதை நான் பார்த்ததே இல்லை. வேலை அதிகம் என்று எழுதினேன். பதினோரு நாள் நீயாகவே இருந்தேன். ஆஞ்சலா தன் லேபில் எலி வயர் கடித்த கதை சொல்வார், நான் பதில் எழுதுவேன், சந்திரம்மா கேட்டது அந்தச் சிரிப்புதான்.

போட்டோவைப் பார்த்துவிட்டு அவர், போர்டு மூளை மட்டும்தான், நாலு மோட்டாருக்கும் அதுவே சாப்பாடு போட முடியாது, மோட்டாருக்குத் தனியா அஞ்சு வோல்ட் நாலு ஆம்ப்ஸ் அடாப்டர் வாங்குங்க என்றார். அதற்குத்தான் மார்க்கெட் பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோடு போனேன். பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம் என்பதால் கண்டக்டரிடம் மார்க்கெட் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அதை சில்க்போர்டு ஸ்டாப் வரைக்கும் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கடையில் பேச வேண்டாம் என்று அடாப்டரோடு எரிந்துபோன மோட்டாருக்கு மாற்றும் சேர்த்துச் சீட்டில் எழுதி நீட்டினேன். கடைக்காரர் கிருஷ்ணப்பா அதைப் படித்துவிட்டு, ஏனம்மா, ரோபோ மாட்தீயா, ரோபோ செய்யறியா, எத்தனை சர்வோ என்று கேட்டார். நான்கு விரலைக் காட்டினேன். ஏன், ரோபோவுக்குக் கை வச்சுட்டு வாய் வைக்கலையா என்றார், கடையில் எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் பள்ளிக்கூடத்துச் சிரிப்பு மாதிரி இல்லை, நானும் கொஞ்சம் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து மாட்டினேன். போர்டு இப்போது அணையவில்லை, ஆனால் மோட்டார்கள் ஜுரம் வந்தது மாதிரி நடுங்கின, ஒன்றும் சொன்ன இடத்தில் நிற்கவில்லை. மறுபடி போட்டோ போட்டுக் கேட்டேன். ஆஞ்சலா வெகுநேரம் கழித்து எழுதினார். என்ன தாரணி, விளையாடுறீங்களா, எனக்கே இதைச் சொல்லிக் கொடுத்தது நீங்கதானே என்று, கீழே உன்னுடைய பழைய பதிவைப் போட்டிருந்தார். மூன்று வருஷம் முன்பு நீ எழுதியது. மோட்டாருக்குத் தனி அடாப்டர் கொடுத்தாலும் அதன் கறுப்பு வயரும் போர்டின் கறுப்பு வயரும் ஓரிடத்தில் சேர வேண்டும், சேராவிட்டால் போர்டு சொல்வது மோட்டாருக்குப் புரியாது, வீணாக நடுங்கும் என்று எழுதி ஒரு போட்டோ. சாலிடர் ஈயம் வைத்து ஒட்டுவதற்காக ஒரு சின்னக் கை அந்த இரண்டு கறுப்பு வயரையும் சேர்த்துப் பிடித்திருந்தது. கட்டை விரல் நகத்தில் பாதி உதிர்ந்த பச்சைப் பாலிஷ். அக்கா, அது என் கை. எனக்கு மறந்தே போய்விட்டது. கீழே நீ எழுதியிருந்தாய்: வயரைப் பிடித்திருப்பது என் தங்கை, இந்த வேலையில் என் கை நடுங்கும், அவள் கை நடுங்காது.

அதற்கு மேல் என்னால் நீயாக இருக்க முடியவில்லை. நான் தாரணி இல்லை, அந்தக் கைக்குச் சொந்தக்காரி, அக்கா ஜப்பானில் இருக்கிறாள், நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் விட்டவள், தெரியாமல் செய்யவில்லை, தெரிந்தேதான் பொய் சொன்னேன் என்று எழுதினேன். இரண்டு நாள் பதில் இல்லை. பள்ளிக்கூடம் விட்ட அன்றுகூட இவ்வளவு தனியாக இருந்ததில்லை. மூன்றாம் நாள் ஆஞ்சலா எழுதினார். வருத்தமாத்தான் இருந்துச்சு, பதினோரு நாள் யார்கிட்டயோ பேசியிருக்கேன், பரவால்ல, உன் பேர்ல ஒரு கணக்கு ஆரம்பி, அதே கேள்விய உன் பேர்ல கேளு, பதில் தெரிஞ்சாலும் கேளு, அடுத்து வர்ற யாருக்காவது ஆகும், பத்தாவது பரீட்சை எழுதணும்னா அதையும் என்கிட்ட கேளு என்று. நேற்று மகா என்ற பெயரில் கேட்டேன். நான்கு பேர் வாங்க மகா என்றார்கள்.

அம்மா வந்துவிட்டாள். எழுதினது எல்லாத்தையும் படிச்சுக் காட்டு, ஊறுகாய்க்குள்ள எதை வெக்கறேன்னு எனக்குத் தெரியணும் என்றாள். என் பங்கைக் கிழித்துவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். கிழிக்கவில்லை. குரல் நடுங்கியது, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி படித்தேன், கடைசி வரைக்கும் படித்தேன். அம்மா பொடி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும், இவ்ளோ பேச்சு உள்ளுக்குள்ள வெச்சிருந்தியாடி என்றாள், அப்புறம் அது ஓடுமா இப்ப என்றாள். கறுப்பு வயர் இரண்டையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றியிருந்தேன். சுவிட்சைப் போட்டேன். அம்மா தன் பையிலிருந்து கம்பெனி நூல் பாபின் ஒன்றை எடுத்துத் தரையில் வைத்தாள். முதல் தடவை கை அதைத் தட்டிவிட்டது. இரண்டாம் தடவை பிடித்தது, நடுங்காமல் தூக்கிப் பிஸ்கட் டின் மூடியில் வைத்தது. அம்மா அந்த பாபினை எடுத்துப் பைக்குள் திரும்பப் போட்டுக்கொண்டே, அங்க உங்க அக்காவுக்கு வயரைப் பிடிச்சுக்க யாருடி இருக்காங்க என்றாள்.

கார்மெண்ட்ஸ் விஷயத்தை அடித்துவிடட்டுமா என்று கேட்டேன். அடிக்காதே, அவ படிச்சுட்டு சொல்லட்டும், முதல் தேதிக்கு இன்னும் நாள் இருக்கு, ஆனா லேப்டாப்பைப் பூட்டறேன்னு சொன்னதை மட்டும் அடி என்றாள். அடித்திருக்கிறேன், கோட்டுக்கு அடியில் இன்னும் தெரியும்.

இனி அம்மா சொல்வது. கண்ணு, உன் வேலைக்கும் உடம்புக்கும் ஒரு குறையும் வராமல் நீ போன மாதிரியே நல்லபடி திரும்பி வர வேண்டும், அது ஒன்றுதான் நான் கேட்பது. எள்ளுப் பொடியைச் சீக்கிரம் தீர்த்துவிடு, வெளியில் வைத்தால் காறிப்போகும். வீணாவுக்கும் மற்ற பெண்களுக்கும் ஊறுகாயை எடுத்துக்கொண்டு போய் நீயே உன் கையால் பரிமாறு, ரூமுக்குள் வைத்துக்கொள்ளாதே. அடுத்த ஞாயிறு போன் செய். மகா பேசுவாள், உடனே பேசாவிட்டாலும் வைத்துவிடாதே, கொஞ்சம் பொறு, இந்தப் பக்கம் அவள் இருக்கிறாள்.

உன் அம்மா,
யசோதா
(இந்தக் கையெழுத்து மட்டும் அம்மாவே கன்னடத்தில் போட்டது)

வயர் பிடித்தவள்,
மகா