இரண்டு முறை எழுதிய பெயர்

அக்டோபர் 7, திங்கள்
வழிகாட்டிப் பேராசிரியர் எண்டாங் அம்மா வகுப்பில் லாராஸின் போன பருவத்துக் கட்டுரையைத் தூக்கிக் காட்டினார். “துணைநூல் பட்டியல்னா இப்படி இருக்கணும். கண்ணுல ஒத்திக்கலாம்.” என்னுடையதைப் புரட்டிவிட்டு, “சுதர்மி, இதென்ன மளிகைச் சீட்டா?” எல்லோரும் சிரித்தார்கள். என் அறைத்தோழி லாராஸும்தான். வயிறு எரிகிறது.

வெள்ளிக்கிழமை புதிய கட்டுரை கொடுக்க வேண்டும். அதை வைத்துத்தான் சுரபாயா கருத்தரங்குக்கு ஒருத்தியை மட்டும் அனுப்புவார்கள்.

அக்டோபர் 8
லாராஸ் லேப்டாப்பில் நூலாசிரியர் பெயர்களை இட்டால் பட்டியல் தானே வந்து விழுகிறது. நான் பிரவுசிங் சென்டரில் ஒவ்வொரு காற்புள்ளியாகத் தட்டுகிறேன். அவளுக்கு மட்டும் எப்படி எல்லாம் அமைகிறது? முடிகூட!

அக்டோபர் 10
பொரித்த தெம்பே, அந்தச் சோயா வில்லைகள், ஆளுக்கொன்றாக இரண்டு பொட்டலம் வாங்கி வந்தாள், வழக்கம்போல. கூடவே அவளுடைய புதுக் கட்டுரையின் துணைநூல் பட்டியல். “சுதர், கடைசி வரைக்கும் பாருடி.”

முதல் பக்கத்திலேயே ‘டார்சோனோ, டார்சோனோ’. எங்கள் ஜாவாவில் பலருக்கு ஒற்றைப் பெயர்தான், எனக்கும். அந்த மென்பொருளோ இரண்டாம் பெயர் கொடுக்காமல் நகராது. அதையே இரண்டு தடவை போட்டிருக்கிறாள். எண்டாங் அம்மாவுக்கு இது ஆகவே ஆகாது.

நான் சொல்லவில்லை. “சூப்பரா இருக்குடி” என்று அந்தப் பக்கத்தோடு மூடிக் கொடுத்தேன்.

“அவ்வளவுதானா?” முகம் வாடிவிட்டது. வாடட்டுமே! தெம்பேயைத் தின்றேன்.

அக்டோபர் 11
கொடுத்தாயிற்று.

அக்டோபர் 15
சுரபாயாவுக்கு நான்!

“யாரும்மா இவங்கல்லாம், ரெட்டைப் பிறவிங்களா?” என்று கேட்டு, இரட்டித்த பெயர்களையெல்லாம் எண்டாங் அம்மா சிவப்பு மையால் அடித்துவிட்டாராம். லாராஸ் என் கையைப் பிடித்து, “நல்லா பேசிட்டு வாடி” என்றாள். பொறாமையே படாமல் எப்படி இருக்கிறாள்? அதுவும் எரிச்சலாக இருக்கிறது.

அக்டோபர் 16
அவள் குளிக்கப் போனபோது அந்தப் பட்டியல் கட்டிலில் கிடந்தது. எத்தனை அடி விழுந்திருக்கிறது என்று பார்க்கத்தான் எடுத்தேன்.

கடைசிப் பக்கம். சிவப்புக் கோட்டுக்கு அடியில்:

‘சுதர்மி, சுதர்மி. மீன்சந்தைப் பெண்கள். கல்லூரி மலர்.’

முதலாண்டில் நான் எழுதியது. நானே மறந்துபோனது. என்னை ஒருத்தர் சான்று காட்டியது இதுதான் முதல் தடவை — அதுவும் அடிபட்டு.

ஈரத்தலையோடு வந்து நின்றாள். “அதைக் காட்டத்தான்டி அன்னைக்குக் கொண்டாந்தேன்.”

எனக்கு வாய் நிற்கவில்லை. “லாராஸ்... ரெண்டு தடவை போட்டிருந்தத அன்னைக்கே பாத்தேன். வேணும்னேதான் சொல்லல.”

அவள் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தாள்.

அக்டோபர் 17
இன்று தெம்பே ஒரு பொட்டலம்தான் வாங்கி வந்தாள்.