நாப்பத்தோரு மணல் ஊத்து

ஹார்ம்ஸ் லேண்டிங், இல்லினாய்
அக்டோபர் 20, 2013

என் தங்கம் கோரீனுக்கு,

உன் அத்தை ஆர்டித் எழுதுறேன். கர்த்தர் கிருபையில நல்லா இருக்கேன். நீயும் நல்லா இருக்கணும்னு தெனமும் முழங்கால் போட்டுக் கேக்குறேன். அந்த முழங்கால் தான் இப்ப மக்கர் பண்ணுது.

உன் லெட்டர தபால் பொட்டியிலருந்து எடுத்து ரோட்டோரத்துலயே நின்னு படிச்சேன். ஆறு வருசம் ஆச்சு கண்ணு. உங்கப்பா அடக்கத்துக்கு அப்புறம் உன் கையெழுத்தையே பாக்கல. உன் மாமா ஹார்லன் போனப்ப ஒரு கார்டு வந்துச்சு, அதுல எல்லாம் அச்சடிச்ச எழுத்து. கோவமில்ல, சும்மா சொன்னேன். பக்கத்து வீட்டு வில்டா கார நிறுத்தி, "என்னடி, லாட்டரி விழுந்துச்சா?"ன்னா. "அதுக்கும் மேல. எங்கண்ணன் மவ எழுதியிருக்கா"ன்னேன்.

சரி, விசயத்துக்கு வரேன். நம்ம ஆத்துக்கரைக்கு சர்ட்டிபிகேட் இல்ல, அதனால புதுசா வெள்ள மேப் போடுறோம், கரை பழைய வெள்ளத்துல எப்படித் தாங்குச்சுன்னு சேதி வேணும், கரைச் சங்கத்துல குறிப்பே இல்லைங்குறாங்கன்னு எழுதியிருந்த. அவங்க கிட்ட எப்படி இருக்கும்? சங்கத் தலைவரு டெல்மர் ரிக்கெர்ட், என்கூடப் படிச்சவன், மளிகை லிஸ்டக்கூட எழுதி வெக்க மாட்டான். இஞ்சினியரு கையெழுத்து வாங்குங்கன்னு கவர்மெண்டு கேட்டப்ப, "கரைக்கு எதுக்கு சர்ட்டிபிகேட்டு? அது என்ன வேலைக்கா மனு போடப் போகுது?"ன்னு மீட்டிங்குலயே சொன்னான். எல்லாரும் சிரிச்சோம்.

ஆனா எங்கிட்ட இருக்கு! முப்பது வருசம் உன் மாமா தானே கரை மேல நடந்து காவல் பாத்தாரு. தொண்ணூத்தி மூணு வெள்ளத்துல நம்மளச் சுத்தி எத்தனையோ கரை ஒடைஞ்சுச்சு, நம்மது ஒடையல. சும்மா இல்ல. ஆறு கரைக்கு வெளிய ஏறி நிக்கும்போது உள்பக்கம், ஊர்ப் பக்கமா, பால் பொங்குற மாதிரி தரையில தண்ணி கொப்புளிச்சு வரும், மணல் ஊத்துன்னு சொல்லுவோம். உன் மாமா அதுக்குள்ள கைய விட்டுப் பாப்பாரு. தெளிஞ்ச தண்ணின்னா வுட்டுருவாரு. கையில மணல் தட்டுச்சுன்னா சுத்தி மணல் மூட்டைய கெணத்துச் செவுரு மாதிரி அடுக்கணும். தண்ணிய அடைக்கக் கூடாது, மணலு போறத மட்டும் நிறுத்தணும். அப்படி நாப்பத்தோரு ஊத்த நிறுத்தினாரு. நாப்பத்தி ஒண்ணு!

இதெல்லாம் கேட்டா உன் ஆபீஸ்காரங்க வாயடைச்சுப் போவாங்க. இன்னும் வேணுமா?

முத்தங்களோட,
உன் அத்தை ஆர்டித்


சிகாகோ
நவம்பர் 11, 2013

அன்புள்ள அத்தைக்கு,

உங்க லெட்டர மூணு தடவ படிச்சேன். மாமா குரலே கேட்டுச்சு. இத்தனை நாள் எழுதாததுக்கு என்ன காரணம் சொன்னாலும் பொய்யா இருக்கும். மன்னிச்சுக்கோங்க.

முன்னெல்லாம் சான்று இல்லாத கரைன்னா, கரையே இல்லாத மாதிரி நெனச்சு மேப் போட்டுருவோம். ஊரு மொத்தமும் நீல நிறமாயிடும். அந்த நீலத்துக்குள்ள இருக்குற வீட்டுக்கு பேங்க்ல கடன் இருந்தா வெள்ள இன்சூரன்ஸ் கட்டாயம். இப்ப புது முறை. கரைய துண்டு துண்டாப் பிரிச்சு, எந்தத் துண்டு தாங்கும், எது தாங்காதுன்னு பாக்குறோம். அதுக்குத் தான் பழைய சேதி வேணும்.

அந்த நாப்பத்தோரு எடமும் எங்க எங்கன்னு ஞாபகம் இருக்கா? எழுதி அனுப்புனா ஆபீஸ்ல காட்டலாமா?

ஈஸ்டருக்கு வரப் பாக்குறேன்.

கோரீன்


ஹார்ம்ஸ் லேண்டிங்
ஜனவரி 9, 2014

என் கண்ணு கோரீன்,

ஞாபகமாவாம்! அந்த வருசம் தண்ணி வடிஞ்சதும் நாங்க சர்ச்சு பொம்பளைங்க என்ன பண்ணோம் தெரியுமா? ஊத்து நின்ன ஒவ்வொரு எடத்துலயும் ஒரு ஐரிஸ் கெழங்கு நட்டோம். அடுத்த வெள்ளத்துல ஆம்பளைங்க எங்க கண்ணு வெக்கணும்னு தெரியணுமில்ல? மே மாசம் கரை அடிவாரத்துப் புல்லுல இங்கயும் அங்கயுமா ஊதாப் பூ நிக்கும். வெளியூர்க்காரங்க அழகுக்கு வெச்சதுன்னு நெனச்சு போட்டோ எடுப்பாங்க.

பனி பெய்யுது, கெழங்கெல்லாம் மண்ணுக்குள்ள தூங்குது. ஆனா எனக்குக் கண்ண மூடுனாலே தெரியும். ஆறு பக்கம் எழுதி இதோட வெச்சிருக்கேன். பம்ப் ஷெட்டுலருந்து எத்தனை எட்டு, டெல்மர் களத்து வேலியிலருந்து எத்தனை எட்டுன்னு எல்லாம் உன் மாமா எட்டுக் கணக்கு. கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னாடி மட்டும் பதினோரு ஊத்து. அதுல ஒண்ணு டிராக்டர் டயர் அளவு இருந்துச்சு. மூணு நாள் அவரு அந்த எடத்த விட்டு நகரவே இல்ல. நான் சோறு கொண்டுபோய் அங்க தான் ஊட்டுனேன்.

தாராளமாக் காட்டு. உன் பெரிய ஆபீசருக்குக் காட்டு, கவர்னருக்குக் காட்டு. நாப்பத்தோரு தடவ ஆறு முட்டிப் பாத்துச்சு, நாப்பத்தோரு தடவயும் எங்க ஆளுங்க தடுத்தாங்க, இதவிட நல்ல சர்ட்டிபிகேட்டு எது?

தோட்டத்து ஹார்ஸ்ராடிஷ் காரக் கெழங்க அரைச்சு ஒரு ஜாடி அனுப்புறேன். மூடியத் தொறக்கும்போது மூஞ்சியத் திருப்பிக்கோ, கண்ணு எரிஞ்சு தொலையும். ஈஸ்டருக்கு மாடி ரூம சுத்தம் பண்ணிட்டேன். ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டேன், மஞ்சக் கலரு. உனக்கு மஞ்சள் புடிக்குமா? சின்ன வயசுல புடிச்சது இப்பவும் புடிக்குமான்னு தெரியல.

நீ வர்றன்னு சர்ச்சுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்.

உனக்காகவே இருக்குற
அத்தை ஆர்டித்


சிகாகோ
மார்ச் 28, 2014

அன்புள்ள அத்தைக்கு,

நீங்க அனுப்புன பக்கங்களுக்கு ரொம்ப நன்றி. எங்க வேலைக்குப் பெரிய உதவி.

ஈஸ்டருக்கு வர முடியாது போலிருக்கு. வேலை அதிகம். ஏப்ரல் 24 உங்க ஊர் சர்ச்சு ஹால்ல மேப்ப ஜனங்களுக்குக் காட்டுற மீட்டிங் இருக்கு. அதுக்கு நான் வரல, வேற ரெண்டு பேர் வருவாங்க.

ஒடம்பப் பாத்துக்கோங்க.

கோரீன்


ஹார்ம்ஸ் லேண்டிங்
ஏப்ரல் 27, 2014

கோரீன்,

மீட்டிங்குக்கு நான் தான் கேக்கு சுட்டு எடுத்துட்டுப் போனேன். உன் ஆளுங்க வர்றாங்களேன்னு ரெண்டு கேக்கு. மொத வரிசையில உக்காந்தேன்.

செவுத்துல மேப்ப மாட்டினாங்க. வடக்குப் பக்கம் கொஞ்சம் வெள்ளையா இருந்துச்சு. தெக்க, நம்ம வீட்டுலருந்து கல்லறைத் தோட்டம் வரைக்கும் அறுபத்தி மூணு வீடு நீலம். கரையோரமா செவப்புப் புள்ளி. எண்ண வேண்டியதே இல்ல, எங்க எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா?

டெல்மர் எந்திரிச்சு, "இந்தப் புள்ளியெல்லாம் எங்கருந்து வந்துச்சு?"ன்னான். வந்த பையன் மரியாதையாத் தான் சொன்னான், ஊர்க்காரங்க குடுத்த குறிப்பு, ரிப்போர்ட்டு கடைசியில இருக்கு பாருங்கன்னு. மேசை மேல அடுக்கி வெச்சிருந்தாங்க. ஆளுக்கு ஒண்ணு எடுத்தாங்க. என் ஆறு பக்கமும் அதுல இருந்துச்சு, கோரீன். மேல "என் கண்ணு"ன்னு எழுதியிருந்தத வெட்டிட்டாங்க. கீழ என் பேரையும் வெட்டிட்டாங்க. பேர வெட்டுனா ஆச்சா? இருவது வருசமா ஒவ்வொரு சர்ச்சு விருந்துக்கும் பாத்திரத்துல நான் தானே பேரு எழுதி ஒட்டுறேன். எந்த வீட்டுக் கொழந்தையும் என் கையெழுத்தக் கண்டுபுடிச்சிரும்.

வில்டா பேப்பரப் பாத்துட்டு என்னப் பாத்தா. "கடைசிப் பையன் கல்யாணத்துக்கு வீட்ட விக்கலாம்னு இருந்தோமேடி. இனி எவன் வாங்குவான்?"ன்னா. அவ்வளவு தான் சொன்னா. எந்திரிச்சுப் பின்னாடி வரிசைக்குப் போயிட்டா. கேக்கு ரெண்டையும் யாரும் தொடல.

அந்தப் பையன் கிட்டயே கேட்டேன். "தம்பி, நாப்பத்தோரு தடவ தடுத்தோமே, அது பலம் இல்லையா?"ன்னு. "அது ஆளுங்க பலம்மா. கரைக்கு அடியில தண்ணி வழி பண்ணிக்கிட்டு இருக்கு, நாங்க அதத் தான் பாக்கணும்"னான். அவன் ரெண்டே வார்த்தையில சொல்லிட்டான். உனக்கு ஜனவரியிலயே தெரியும் தானே? அக்டோபர்லயே தெரிஞ்சிருக்கும்.

இன்னைக்குச் சர்ச்சுல என் பெஞ்சுல நான் மட்டும் தான். பாட்டு ஒரே புஸ்தகத்துல நானும் வில்டாவும் பாத்துப் பாடுவோம். இன்னைக்கு முழுப் புஸ்தகமும் எனக்கே.

வெள்ளிக்கெழம டெல்மர் ஒரு பேப்பர் கொண்டாந்து குடுத்தான். எனக்கு ஞாபகப் பிசகு, கரையோரம் நட்டது வெறும் பூச்செடிங்கன்னு அதுல இருக்கு. கையெழுத்துப் போட்டா ஆபீசுக்கு அப்பீல் போடுவானாம். "நீ கெட்டவ இல்ல ஆர்டித், உன்ன ஏமாத்திட்டாங்க"ன்னான். மறுநா காலையில பாத்தா கரையில ஐரிஸ் ஒண்ணுகூட இல்ல. எல்லாத்தையும் தோண்டி எடுத்துட்டாங்க. பூ பூக்க இன்னும் ரெண்டு வாரம் தான் இருந்துச்சு.

நீ ஆறு வருசம் கழிச்சு எழுதினியே, அது எனக்காக எழுதினதா, ஊத்துக்காக எழுதினதா? இத மட்டும் சொல்லு.

ஆர்டித் அத்தை


சிகாகோ
மே 10, 2014

அன்புள்ள அத்தைக்கு,

ஊத்துக்காகத் தான் எழுதினேன். உங்க கிட்ட பொய் சொல்ல மாட்டேன். ஆனா உங்க மொத லெட்டருக்கு அப்புறம் அது மட்டும் காரணம் இல்ல. அது உங்களுக்குத் தெரியணும்னு ஆசை, நம்பணும்னு கேக்க எனக்கு உரிமை இல்ல.

பெருமையா நெனச்சு எழுதுறீங்கன்னு எனக்கு அப்பவே புரிஞ்சுச்சு. நான் விளக்கியிருக்கணும். விளக்குனா அனுப்ப மாட்டீங்களோன்னு பயந்து சும்மா இருந்துட்டேன். லெட்டர அப்படியே ரிப்போர்ட்டுல வெப்பாங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாது.

அத்தை, நீங்க சொன்ன எடமெல்லாம் உண்மை. தொண்ணூத்தி மூணுல ஊத்தச் சுத்தி மூட்டை அடுக்க இருநூறு ஆம்பளைங்க இருந்தாங்க. இப்ப உங்க ஊர்ல மூட்டை தூக்குற வயசுல எத்தனை பேரு? அந்த அறுபத்தி மூணு வீட்டுலயும் படுத்துத் தூங்குறவங்களுக்கு இது தெரிய வேணாமா? நான் நெனச்சுப் பாக்குறதெல்லாம் இது தான்.

டெல்மர் குடுத்த பேப்பர்ல கையெழுத்துப் போட்டாலும் தப்பா நெனக்க மாட்டேன். அந்த ஊர்ல இருக்க வேண்டியது நீங்க, நான் இல்ல.

நீங்க கூப்பிட்டா அடுத்த பஸ்ல வரேன். கூப்பிடுவீங்களா?

கோரீன்


ஹார்ம்ஸ் லேண்டிங்
ஜூன் 16, 2014

வெள்ள மேப் ஆபீஸ் அதிகாரி கோரீன் அவர்களுக்கு,

அம்மா,

உங்க ரிப்போர்ட்டுல சேத்துக்க ஒரு தகவல் இருக்கு. இத முழுசா அப்படியே வெச்சுக்கலாம், எந்த எடத்தையும் வெட்ட வேண்டியதில்ல.

இந்த மாசம் மொத வாரம் ஆறு ஏறுச்சு. ஏழாந்தேதி, சனிக்கெழம மத்தியானம் என் வீட்டுக்குப் பின்னாடி, கோழிக் கூண்டுக்கும் ஹார்ஸ்ராடிஷ் பாத்திக்கும் நடுவுல தரை கொப்புளிச்சுச்சு. கைய விட்டேன். மணல் தட்டுச்சு. டெல்மர் ரிக்கெர்ட்டுக்கு போன் பண்ணேன், எடுக்கல. ஏப்ரல்லருந்தே எடுக்குறதில்ல. நடந்து போனேன். சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு.

"மணலோட வருது டெல்மர்."

"எங்க?"

"என் வீட்டுக்குப் பின்னாடி."

தட்ட அப்படியே வெச்சுட்டுத் தொப்பிய எடுத்தாரு.

இருவத்தி ரெண்டு பேர் வந்தாங்க. அதுல பதினாறு பேர் அறுவதத் தாண்டுனவங்க. முன்னூறு மூட்டை அடுக்குனோம். வில்டா வரிசையில எனக்கு முன்னாடி நின்னா, மூட்டைய என் கையில குடுக்கும்போது "புடி"ன்னா. ஏழு வாரத்துல அந்த ஒரு வார்த்தை தான். அஞ்சு நாள் மாத்தி மாத்திக் காவல் பாத்தோம். புதன்கெழம தண்ணி தெளிஞ்சு வந்துச்சு. ஊரு பொழச்சுச்சு, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

போகும்போது டெல்மர் வாசல்ல நின்னு, "இது நம்ம ஊருக்குள்ளயே இருக்கட்டும் ஆர்டித். ஞாயித்துக்கெழம வில்டா பக்கத்துல உக்காரு, நான் பேசிட்டேன்"னாரு. நல்ல மனசோட தான் சொன்னாரு. அவரு கையெழுத்துக்குக் குடுத்த பேப்பர மடிச்சது மடிச்சபடி அவரு கையிலயே குடுத்துட்டேன். சட்டைப் பையில சொருகிட்டுப் போயிட்டாரு. ஞாயித்துக்கெழம என் பெஞ்சுல நான் மட்டும் தான் உக்காந்தேன்.

போன தடவ என்ன பண்றோம்னு தெரியாம எழுதுனேன். இப்ப தெரிஞ்சே எழுதுறேன்.

எடம்: என் சமையக்கட்டுப் படியிலருந்து கரைப் பக்கம் முப்பத்தி நாலு எட்டு. இது என் எட்டு, என் வீட்டுக்காரர் எட்டு இல்ல. அவரோடதவிடச் சின்னது, கணக்குப் போடும்போது பாத்துக்கோங்க. ஊத்தோட அகலம் ரெண்டு மொழம். இது நாப்பத்தி ரெண்டாவது. என் வீடு மேப்ல ஏற்கெனவே நீலம் தான். இன்னும் அடர்த்தியா போடணும்னா போட்டுக்கோங்க.

இதுக்குப் பதில் வேணாம். இனிமே கரையப் பத்தி ஏதாவது கேக்கணும்னா சங்கத்துக்கு எழுதுங்க. மாடி ரூமுல இப்ப மூட்டைக்குச் சாக்கு அடுக்கி வெச்சிருக்கோம், விருந்தாளிக்கு எடமில்ல.

இந்த லெட்டர நானே தபாலாபீசுக்கு எடுத்துட்டுப் போய் ரெஜிஸ்டர் பண்றேன். அங்க இருக்குற பொண்ணு வில்டா மருமக. யாருக்குன்னு கேட்டா சொல்லுவேன்.

இப்படிக்கு,
திருமதி ஆர்டித் ஹூப்னர்
ரிவர் ரோடு, ஹார்ம்ஸ் லேண்டிங்